நடுத்தண்டில் வேர்

பழைய கடைவீட்டுச் சுவர்களில் செடி முளைத்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கூரை விளிம்பிலோ மழைநீர்க் குழாயின் ஓரத்திலோ, ஒரு பிடி மண்கூட இல்லாத இடத்தில், அது பச்சைப் பசேலென்று நிற்கும். அதன் வேர்கள் சுவரைத் தழுவியபடி கீழே இறங்கித் தரையைத் தேடும். பறவையின் எச்சத்தோடு வந்து விழுந்த சிறு விதையிலிருந்து முளைத்த அத்தி இனத்துச் செடி அது. ஆலும் அரசும் அத்தியும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. தாவரவியலார் இதனை ‘ஃபைக்கஸ்’ பேரினம் என்பர். உலகில் இதற்கு 800-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன.

எங்கே ஈரம் கிடைத்தாலும் அங்கே வேர்விட முனைவது இவ்வினத்து மரங்களின் இயல்பு. ஆலமரத்தின் கிளைகளிலிருந்து விழுதுகள் தொங்குவது இதனால்தான். கட்டடங்களைப் பராமரிப்பவருக்கு இந்த இயல்பு தலைவலி. சாடியில் சிறுமரம் வளர்ப்பவருக்கோ இதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

சாடியில் வளர்க்கும் சிறுமரத்தை உலகம் ‘போன்சாய்’ என்னும் ஜப்பானியச் சொல்லால் அறியும். ஆழமில்லாத தட்டில் நட்டது என்பது அதன் பொருள். இக்கலையின் வேர் சீனாவில் இருக்கிறது; அங்கு இதனைப் ‘பென்ஜிங்’ என்பர். ஜப்பானியர் விரும்பி வளர்க்கும் ஊசியிலை மரங்கள் பலவற்றுக்குக் குளிர்காலம் வேண்டும். நம் நாட்டு வெப்பத்தில் அவை நெடுநாள் நிலைப்பது கடினம். ஆகவே, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் போன்சாய் வளர்ப்போர் பெரும்பாலும் ஃபைக்கஸ் வகைகளை நாடுகின்றனர். அவற்றுள் முதன்மையானது ஃபைக்கஸ் மைக்ரோகார்ப்பா. மலாய் மொழியில் இது ‘ஜெஜாவி’. இலங்கை, இந்தியா தொடங்கித் தென்சீனா, தென்கிழக்காசியா, ஆஸ்திரேலியாவின் வடபகுதிவரை இது தானாகவே வளரும் மரம். சிங்கப்பூரின் ஜூரோங் சீனத் தோட்டத்தில் போன்சாய் மரங்களுக்கென்றே தனிப் பகுதி உண்டு.

போன்சாய் என்றதும் வகுப்பில் ஒருவராவது, “மரத்தைப் பட்டினி போட்டுக் குட்டையாக்குவது பாவமில்லையா?” என்று கேட்பது வழக்கம். பட்டினி போட்ட மரம் குட்டையாவதில்லை, செத்துப்போகிறது. போன்சாய் மரத்துக்கு உரம், நீர், வெயில் மூன்றும் ஒழுங்காகக் கிடைக்கின்றன. கிளைகளைக் கவாத்து செய்வதாலும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேரைச் சீர்செய்து புது மண்ணில் நடுவதாலும் அதன் உயரம் அடக்கப்படுகிறது. நன்கு பேணப்பட்ட சிறுமரம் பல தலைமுறைகள் வாழும்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. எல்லா மரமும் சாடிக்கேற்ற வடிவத்தில் வளர்வதில்லை. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

சிங்கப்பூரில் வீவக அடுக்குமாடி ஒன்றில் ஒரு குடும்பம் வாழ்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாத்தா 20 ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜெஜாவிச் செடியைச் சாடியில் நட்டார். வீட்டு வாசலை ஒட்டிய பொதுத் தாழ்வாரத்தில் அது வளர்ந்தது. இப்போது தாத்தா இல்லை. மரம் ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. அடியிலிருந்து 60 சென்டிமீட்டர்வரை தண்டு கம்பம் போல நேராக இருக்கிறது. அதற்குமேல் இரண்டு கிளைகளாகப் பிரிந்து குடை போல விரிகிறது. வேரோ ஒரு பக்கம் மட்டும் பருத்து, சாடியின் உட்சுவரைச் சுற்றிச் சுருண்டு கிடக்கிறது. தீ விபத்து நேர்ந்தால் மக்கள் தப்பிச் செல்லத் தாழ்வாரத்தில் குறைந்தது 1.2 மீட்டர் அகலம் வழி விட்டிருக்க வேண்டும் என்பது சிங்கப்பூரில் உள்ள விதி. விரிந்த குடை அந்த வழியை அடைக்கிறது. அத்துடன், சில மாதங்களில் குடும்பம் சிறிய வீடொன்றுக்குக் குடிபெயரப் போகிறது. இந்த உயரத்துக்கு அங்கே இடமில்லை.

மரத்தை யாருக்காவது கொடுத்துவிடலாம். பாட்டிக்கு மனம் வராது. பாதியில் வெட்டிவிடலாம். அப்படி வெட்டினால் தாத்தா வளர்த்த அழகிய மேற்பகுதி குப்பைக்குப் போகும். மிஞ்சுவது ஒரு மொட்டைக் கம்பம். வெட்டிய மேற்பகுதியை மண்ணில் ஊன்றிப் பார்க்கலாமா? விரல் பருமனுள்ள ஜெஜாவிக் குச்சி எளிதில் வேர்பிடிக்கும். ஆனால், இவ்வளவு இலையும் கிளையும் கொண்ட பெரிய பகுதி வேரில்லாமல் நின்றால், வேர் வருமுன் வாடிவிடக்கூடும். இருபது ஆண்டு உழைப்பை அப்படிப் பணயம் வைக்க முடியாது.

“உங்க தாத்தா வெச்ச மரம்மா. வெட்டின பிறகு பட்டுப்போச்சுன்னா என்ன செய்யறது?” என்கிறார் பாட்டி.

“வெட்டறதுக்கு முன்னாடியே வேர் விட்டிருக்கும் பாட்டி. வேர் கண்ணுக்குத் தெரிஞ்ச பிறகுதான் வெட்டுவோம்” என்கிறாள் உயர்நிலை மூன்றில் படிக்கும் பேத்தி.

அவள் சொல்லும் முறைக்கு விண்பதியம் என்று பெயர். கிளையை வளைத்து மண்ணில் புதைத்து வேர்விடச் செய்வது பதியம். கிளை இருக்கும் இடத்துக்கே ஈரத்தைக் கொண்டு சென்று, அந்தரத்திலேயே வேர்விடச் செய்வது விண்பதியம். மலேசியக் கம்பங்களில் இதனைத் ‘தூட்’ என்பர். எலுமிச்சை, கொய்யா, ஜம்பு முதலிய மரங்களின் கிளைகளில் தேங்காய் நாரும் மண்ணும் வைத்துப் பொட்டலம் போலக் கட்டியிருப்பதை அங்கே காணலாம். பழ மரங்களைப் பெருக்குவோர் நெடுங்காலமாகச் செய்துவரும் வேலை இது. போன்சாய்க் கலைஞர்கள் இதை மரத்தைப் பெருக்க மட்டுமன்றி, அதன் உருவத்தையே மாற்றவும் பயன்படுத்துகின்றனர்.

இம்முறை ஏன் பலிக்கிறது என்பதை அறிந்துகொண்டால் செய்முறையில் பாதி தானாகவே விளங்கிவிடும். மரத்தின் தண்டுக்குள் இரண்டு பாதைகள் உள்ளன. வேர் உறிஞ்சும் நீர், உள்ளே இருக்கும் கட்டைப் பகுதியின் வழியாக மேலே ஏறுகிறது. இப்பாதை சைலம். இலைகள் தயாரிக்கும் சர்க்கரை, பட்டையின் உட்பகுதி வழியாகக் கீழே இறங்குகிறது. இது புளோயம். இரண்டுக்கும் நடுவே, வழுவழுப்பான மெல்லிய படலமாகக் கேம்பியம் இருக்கிறது. புதிய கட்டையையும் புதிய பட்டையையும் உண்டாக்குவது அதுதான்.

தண்டைச் சுற்றி ஒரு வளையம் அளவுக்குப் பட்டையை மட்டும் உரித்தெடுத்தால் என்ன ஆகும்? கட்டைக்குச் சேதமில்லை, ஆகவே நீர் தொடர்ந்து மேலே போகும், இலைகள் வாடா. ஆனால், கீழே இறங்கும் சர்க்கரைக்கு வழி அடைபட்டுவிடும். அது வளையத்தின் மேல் விளிம்பில் தேங்கும். 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான மார்செல்லோ மால்பிகி என்னும் மருத்துவர் இப்படிப் பட்டையை வளையமாக நீக்கிப் பார்த்தார். வளையத்துக்கு மேலே தண்டு வீங்கியதை அவர் பதிவு செய்தார். உணவு மேலிருந்து கீழே வருகிறது என்பதற்கு அது நல்ல சான்றாயிற்று.

தேங்குவது சர்க்கரை மட்டுமன்று. நுனி மொட்டுகளிலும் இளம் இலைகளிலும் ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருள் உருவாகிறது. நெதர்லாந்து அறிவியலாளர் ஃபிரிட்ஸ் வெண்ட், ஓட்ஸ் முளைகளை வைத்துச் செய்த ஆய்வின் மூலம் 1928-இல் இதன் செயலை விளக்கினார். ஆக்சினும் நுனியிலிருந்து கீழ்நோக்கியே நகரும். அதுவும் வளையத்தின் மேல் விளிம்பில் சேரும். உணவும் ஆக்சினும் ஒருங்கே குவிந்த இடத்தில் ஈரமும் இருளும் கிடைத்தால், அங்குள்ள உயிரணுக்கள் வேராக மாறத் தொடங்குகின்றன. நீரைப் பழைய வேரிடமிருந்து பெற்றுக்கொண்டே, மேற்பகுதி தனக்கென்று புதுவேரை வளர்த்துக்கொள்கிறது.

இனி, அந்த வளையத்தை எங்கே போடுவது? போன்சாய்க் கலையில் மிகவும் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். கத்தியை எடுக்கும் முன் ஒரு வாரம் மரத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாலும் தவறில்லை என்பேன்.

வளையத்தின் மேல் விளிம்பில்தான் வேர் வரும். ஆகவே, அந்த விளிம்பே புதிய மரத்தின் தரைமட்டம். தாத்தாவின் மரத்தில் 60 சென்டிமீட்டர் உயரத்தில் தண்டு இரண்டாகப் பிரிகிறது அல்லவா? பிரியும் இடத்தை ஒட்டி வளையம் போட்டால், புதிய மரம் தரையிலிருந்தே இரண்டு தண்டுகளோடு எழும். தாயும் பிள்ளையும் போல ஒன்று பெரிதும் மற்றொன்று சிறிதுமாக இருந்தால் அது மிகவும் அழகு. நான்கு விரற்கடை கீழே போட்டால், குட்டையான ஒற்றைத் தண்டும் அதன்மேல் இரு கிளைகளும் கொண்ட மரமாகும். எது நன்றாக இருக்கும் என்று தெரியவில்லையா? வளையம் போட நினைக்கும் இடத்துக்குக் கீழே உள்ள தண்டை ஓர் அட்டையால் மறைத்துவிட்டு எட்ட நின்று பாருங்கள். மறைக்காத பகுதிதான் நாளைய மரம். ஓர் அட்டையை மேலும் கீழும் நகர்த்தியே பல மரங்களைப் பார்த்துவிடலாம்.

வளையத்தைச் சற்றுச் சாய்வாகவும் வெட்டலாம். சாய்ந்த விளிம்பைத் தரைமட்டமாக வைத்து நட்டால், நேராக நின்ற தண்டு கடற்கரைத் தென்னை போலச் சாய்ந்து எழும். ஒரு சிறு கோணம் மரத்தின் நடையையே மாற்றிவிடும்.

போன்சாயில் தண்டின் அடியிலிருந்து எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் வேர்களுக்கு மதிப்பு அதிகம். ஜப்பானியர் இதனை ‘நெபாரி’ என்பர். மண்ணுக்குமேல் தெரியும் அந்த வேர்களே சிறுமரத்துக்கு முதிர்ந்த மரத்தின் தோற்றத்தைத் தருகின்றன. பழைய சாடியில் ஒரு பக்கம் மட்டும் பருத்த வேரை எவ்வளவு முயன்றாலும் நெபாரியாக்க முடியாது. விண்பதியத்திலோ வேர், வளையத்தைச் சுற்றி வட்டமாக வரும். மரத்தை உருமாற்ற இம்முறையை நாடுவதற்கு இது மற்றொரு காரணம்.

வளையத்துக்குக் கீழே இலையுள்ள கிளை ஒன்றாவது இருப்பது நல்லது. மேலிருந்து வரும் உணவு நின்றுவிடுவதால், பழைய வேர் அந்தக் கீழ்க்கிளையைக் கொண்டு உயிர் வாழும். தாத்தாவின் மரத்தில் அப்படிக் கிளையில்லை. ஜெஜாவி தன் தண்டிலும் வேரிலும் மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கும் உறுதியான மரம் என்பதால், சில வாரங்களை அது தாங்கிக்கொள்ளும்.

தாத்தாவின் மரத்தில் கைவைக்கும் முன் மலிவான செடி ஒன்றில் பழகிப் பார்ப்பது அறிவுடைமை. செடி விற்கும் நர்சரிகளில் ‘எஸ்’ எழுத்துப் போல வளைந்த ஃபைக்கஸ் செடிகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்வோர் இதற்குச் சுங்கை பூலோ செல்வர். அவ்விடத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1930-இல் தொழுநோயாளிகளைத் தனித்து வைப்பதற்காக அங்கே ஒரு குடியிருப்பு திறக்கப்பட்டது. நோய் நீங்கிய பின்னும் வெளியுலகம் தங்களை ஏற்குமோ என்று அஞ்சி அங்கேயே தங்கிவிட்டவர்கள் பலர். அவர்களில் பலர் பூச்செடிகளை வளர்த்து விற்றுப் பிழைத்தனர். இன்று வரிசை வரிசையாக நிற்கும் நர்சரிகளுக்கு அவர்களும் அவர்கள் குடும்பத்தாரும்தான் அடித்தளமிட்டனர். வெளியூர் வேரிலிருந்து வெட்டப்பட்டவர்கள், நட்ட இடத்தில் வேர்பிடித்த கதை அது.

ஒன்றை மறக்க வேண்டாம். பூங்காவிலும் சாலையோரத்திலும் உள்ள மரங்கள் பொதுச் சொத்து. அனுமதியின்றி அவற்றின் பட்டையை உரிப்பது சட்டப்படி குற்றம். பழகுவதற்கு நம் சொந்தச் செடி போதும்.

செய்முறைக்கு வருவோம். கூரிய கத்தி, ஸ்பாக்னம் என்னும் காய்ந்த பாசி, ஒளி ஊடுருவும் நெகிழித்தாள், கட்டுவதற்குக் கயிறு ஆகியவை தேவை. பாசி கிடைக்காவிட்டால் தேங்காய் நாரைப் பயன்படுத்தலாம். பாசியை நீரில் ஊறவைத்து, பிறகு கையால் நன்றாகப் பிழிய வேண்டும். பிழிந்த பாசியை இறுக்கிப் பிடித்தாலும் சொட்டு விழக் கூடாது. சொட்டச் சொட்ட வைத்துக் கட்டினால் காற்றில்லாமல் தண்டு அழுகும். கத்தி பிடிக்கும் வேலையைப் பெரியவர் ஒருவரின் துணையோடு செய்யுங்கள். வெட்டியதும் பால் வடியும். அது தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும். கண்ணில் பட்டால் மிகவும் எரியும். கையுறை அணிவது நல்லது. வடிந்த பாலை ஈரத் துணியால் துடைத்துவிட வேண்டும்.

தண்டைச் சுற்றி மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு என்று கட்டையைத் தொடும்வரை கத்தியால் கீற வேண்டும். இரண்டுக்கும் இடைவெளி தண்டின் தடிமனைப் போல ஒன்றரை மடங்கு இருக்கட்டும். நான்கு சென்டிமீட்டர் தடிமன் என்றால் ஆறு சென்டிமீட்டர். பிறகு, இரண்டு கோடுகளையும் இணைத்து நெடுக்காக ஒரு கீறல். அவ்விடத்தில் கத்தி முனையால் நெம்பினால், பட்டை வாழை மட்டை போல உரிந்து வரும்.

பலர் இத்துடன் வேலை முடிந்தது என்று எண்ணிப் பாசியைக் கட்டிவிடுகின்றனர். இரண்டு மாதம் கழித்துப் பிரித்துப் பார்த்தால் ஒரு வேரும் இருக்காது. உரித்த இடத்தில் புதுப்பட்டை மூடியிருக்கும்! கட்டையின்மேல் வழுவழுப்பாக ஒட்டியிருக்கும் கேம்பியத்தைச் சுரண்டாமல் விட்டதன் விளைவு அது. அரைவிரல் அகலத்துக்குக் கேம்பியம் மிஞ்சினாலும் போதும். அது மேலுக்கும் கீழுக்கும் பாலம் போட்டுவிடும். சர்க்கரை பழைய வழியில் இறங்கிப் போய்விடும். மரத்துக்குப் புதுவேர் எதற்கு? ஆகவே, கத்தியின் விளிம்பால் அந்த வழுவழுப்பு முழுதும் நீங்கும்வரை சுரண்ட வேண்டும். விரலால் தடவினால் காய்ந்த மரப்பலகையைத் தொடுவது போல இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், விண்பதியத்தில் வெற்றி தோல்வியை முடிவு செய்வது இந்தச் சில நிமிட வேலைதான். வேர் தூண்டும் பொடி கடைகளில் விற்கும். மேல் விளிம்பில் அதைச் சிறிது தடவலாம். ஜெஜாவிக்கு அது கட்டாயமில்லை.

பாசியை வளையத்தின்மேல், குறிப்பாக மேல் விளிம்பை நன்றாக மூடும்படி, கைப்பிடி அளவுக்குப் பொத்தி வையுங்கள். அதன்மேல் நெகிழித்தாளைச் சுற்றி, மிட்டாய்க் காகிதம் முறுக்குவது போல இரு முனைகளையும் முறுக்கிக் கட்டுங்கள். மழைநீர் உள்ளே இறங்காதபடி மேற்கட்டு இறுக்கமாக இருக்கட்டும். ஒளி ஊடுருவும் தாளாக இருந்தால் வேர் வந்திருப்பதை வெளியிலிருந்தே பார்க்கலாம். ஆனால் வேருக்கு இருட்டு பிடிக்கும். வெளிச்சம் பட்டால் உள்ளே பச்சைப் பாசானும் படரும். ஆதலால், அதன்மேல் அலுமினியத் தாளைச் சுற்றி வைத்து, வாரம் ஒருமுறை விலக்கிப் பார்க்கலாம். கறுப்புத் தாள் வேண்டாம். நம் ஊர் வெயிலில் உள்ளே வெந்துவிடும்.

அதன்பின் காத்திருப்புதான். பாட்டிக்கு இந்த வாரங்கள் கடினமாக இருக்கும். ஒவ்வொரு நாளும் இலைகளைத் தொட்டுப் பார்ப்பார். இலைகள் வாடாமல் இருந்தால் கட்டையின் வழியாக நீர் ஏறுகிறது என்று பொருள். பொட்டலம் கனமில்லாமல் காய்ந்து போயிருந்தால், ஊசியில்லாத சிரிஞ்சினால் சிறிது நீர் செலுத்த வேண்டும். எறும்புகள் உள்ளே குடியேறாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். ஈரமான பாசி அவற்றுக்கு அரண்மனை. சாடியின் அடித்தட்டில் நீர் தேங்கவும் விடாதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிட ஒரு கரண்டி நீரே போதும்.

ஜெஜாவிக்கு நம் தட்பவெப்பத்தில் நான்கிலிருந்து எட்டு வாரங்கள் ஆகலாம். முதலில் மேல் விளிம்பில் தழும்பு போலத் தடித்த திசு உருவாகும். அதிலிருந்து அரிசி மணி போல வெள்ளை முனைகள் எட்டிப் பார்க்கும். இவற்றைக் கண்டதும் ரம்பத்தைத் தேடி ஓடக் கூடாது! வெள்ளை வேர் கண்ணாடி போல ஒடியும்; பெரிய மேற்பகுதிக்கு வேண்டிய நீரை உறிஞ்ச அதற்கு வலுவில்லை. வேர்கள் நீண்டு, பழுப்பேறி, அவற்றிலிருந்து கிளைவேர்கள் புறப்பட்டு, பொட்டலம் முழுதும் பின்னிக்கொள்ளட்டும். தாய்மரம் நீர் கொடுத்துக்கொண்டிருக்கும்வரை அவசரம் எதுவுமில்லை. வேர் ஒரு பக்கம் மட்டும் வந்திருந்தாலும் பொறுத்திருக்கலாம். மறுபக்கத்தில் பாசியின் ஈரத்தைச் சரிபார்த்துவிட்டு மேலும் சில வாரங்கள் விடலாம்.

பிரிக்கும் நாள் வந்ததும், முதலில் இலைகளில் மூன்றில் ஒரு பங்கைக் கத்தரித்துவிட வேண்டும். புதுவேரின் சுமை அதனால் குறையும். பிறகு, வேர்ப்பந்துக்குச் சற்றுக் கீழே ரம்பத்தால் அறுக்கலாம். நெகிழித்தாளைக் கழற்றிவிட்டு, பாசியோடு அப்படியே நட வேண்டும். பாசியைப் பிய்த்தெடுக்க முயன்றால் வேரும் அதனோடு வரும். எரிமலைக் கல்லோ, செங்கல் உடைசலோ, பருமணலோ கலந்த, நீர் தேங்காத கலவை ஏற்றது. இப்போதே அழகிய தட்டில் நட ஆசை வரும். அது பிறகு ஆகட்டும். முதல் ஆண்டில் சற்று ஆழமான சாதாரணச் சாடி போதும். நெபாரி நன்கு அமைய விரும்புவோர், வேர்ப்பந்தின் அடியில் தட்டையான ஓட்டுத் துண்டு ஒன்றை வைத்து நடுவர். வேர்கள் கீழே போக முடியாமல் பக்கவாட்டில் பரவும்.

நட்ட மரம் காற்றில் ஆடவே கூடாது. ஒவ்வோர் ஆட்டத்திலும் புதுவேர் ஒடியும். தண்டைச் சாடியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டி, இரண்டு மூன்று வாரம் நிழலில் வையுங்கள். புதுத் துளிர் வந்தபிறகு மெல்ல மெல்ல வெயிலுக்குப் பழக்கலாம். அதுவரை உரம் வேண்டாம்.

மரம் வேரூன்றிச் செழித்தபின்தான் கிளைகளுக்கு வடிவம் கொடுக்க வேண்டும். அலுமினியக் கம்பியைக் கிளையின்மேல் சரிவாகச் சுற்றி, விரும்பிய பக்கம் மெதுவாக வளைப்பர். கம்பியின் பருமன் கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு அளவில் இருக்கும். ஜெஜாவி விரைவாகப் பருக்கும் மரம். ஒரு மாதம் கவனிக்காமல் விட்டால் கம்பி பட்டைக்குள் பதிந்து, பாம்பு சுற்றியது போன்ற வடுவை உண்டாக்கிவிடும். அந்த வடு மறைய ஆண்டுக்கணக்காகும். எனவே, வாரம் ஒருமுறை பார்த்து, பதியத் தொடங்கினால் கம்பியை வெட்டியெடுத்துவிட வேண்டும். சுழற்றிக் கழற்றினால் கிளை முறியும்.

இனிப் பழைய சாடியைப் பார்ப்போம். அங்கே 50 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு மொட்டைக் கம்பம் நிற்கிறது. பலர் அதைக் குப்பையில் போட்டுவிடுவர். ஆனால், அதன் வேரில் இன்னும் உயிர் இருக்கிறது. நீரை அளவாகக் குறைத்து, வெளிச்சமான இடத்தில் வைத்தால், சில வாரங்களில் தண்டின் பல இடங்களிலிருந்து துளிர்கள் வெடித்துக் கிளம்பும். அவற்றை உடனே கிள்ளக் கூடாது. வேருக்கு மீண்டும் உணவு அனுப்பும் இலைகள் அவைதாம். இரண்டு மூன்று மாதம் ஓடட்டும். அதன்பின், அடித்தண்டுக்கு அருகில் உள்ள வலுவான துளிர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்குமேல் உள்ள கம்பத்தை அறுத்துவிடலாம். அந்தத் துளிரே புதிய தண்டாகும். அடி பருத்தும் நுனி மெலிந்தும், முன்பு இல்லாத நல்ல வடிவம் அதற்கு வரும். மரம் தேறியபின் மண் மாற்றும்போது, சுருண்டு கிடக்கும் பருத்த வேரையும் சிறிது சிறிதாக வெட்டிச் சீராக்கலாம்.

புதிய வீட்டின் சன்னலோரத்தில் இரண்டு சாடிகளுக்கும் இடம் இருக்கிறது. பழைய சாடியில் இதுவரை பதினொரு துளிர்கள் வந்துள்ளன. ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று பேத்தி சொல்கிறாள். பாட்டிக்கு எதையும் கிள்ள மனம் வரவில்லை.